சீனத் தோழிக்கு எந்தக் கருப்பைவாய்ப் பரிசோதனை? டாக்டர் எடுப்பதா, தானே எடுப்பதா, ஊருக்குப் போய்ச் செய்வதா?

மெல்போர்னின் கிழக்குப் புறநகர் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். பாக்ஸ் ஹில், கிளென் வேவர்லி பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே எந்த கிளினிக்கில் போய் உட்கார்ந்தாலும் பக்கத்து நாற்காலியில் மாண்டரினோ கான்டனீஸோ கேட்கும். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றி என்னிடம் விசாரிக்கிற தமிழ்ப் பெண்களிலும் சிலர் தங்களுக்காகக் கேட்பதில்லை. கூட வேலை செய்கிற சீன அக்கா இத்தனை வருஷமாக ஒருமுறைகூடப் பரிசோதனை செய்ததில்லை, அவரிடம் என்ன சொல்வது என்கிறார் ஒருவர். மருமகள் குவாங்சோக்காரி, அவளுடைய அம்மா விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார், இங்கே செய்யலாமா ஊருக்குப் போய்ச் செய்யலாமா என்கிறார் இன்னொருவர். வான்கூவரில் இருக்கும் தோழி ஒருத்தியின் பெண்கள் குழு, அங்குள்ள சீனப் பெண்களோடு சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று கொஞ்சம் பணம் வைத்திருக்கிறது, எதில் போடுவது என்று தெரியவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை செய்யாதவருக்கும், பல வருஷம் தள்ளிப்போட்டவருக்கும், கிளினிக்கில் தானே ஸ்வாப் (மாதிரி எடுக்கும் மென்னுனிக் குச்சி) எடுத்துக்கொள்வதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் எல்லாருக்கும் அது பொருந்தாது. எந்த வழியாக இருந்தாலும், ரிசல்ட் பாசிட்டிவ் என்று வந்தால் அந்தப் பெண் அடுத்து எங்கே போவார், யார் கூடப் போவார் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். வழியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

## சீனப் பெண்களுக்கு மட்டும் ஏன் தனியாக?

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. அதில் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம். தொற்று பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானே போய்விடும். போகாமல் தங்கிவிட்டால் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து, பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நீண்ட அவகாசம் இருக்கிற புற்றுநோய்கள் குறைவு. இருந்தும் 2022-ல் உலகத்தில் சுமார் 6,60,000 பெண்களுக்கு இது வந்தது, அதில் சீனாவில் மட்டும் ஒன்றரை லட்சம்.

ஆஸ்திரேலியா இந்த நோயை 2035-க்குள் ஒழித்துவிடப் பார்க்கும் நாடு. இங்கேயும் இந்தப் புற்று வருபவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் ஒருமுறையும் பரிசோதனை செய்யாதவர்கள், அல்லது விட்டுவிட்டவர்கள். அந்த வரிசையில் புலம்பெயர்ந்த பெண்கள் வந்து நிற்பதற்குக் காரணம் உண்டு.

சீனாவில் எச்.பி.வி. தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்ததே 2016-ல்தான். கிராமப்புறப் பெண்களுக்கான இலவசப் பரிசோதனைத் திட்டம் 2009-ல் தொடங்கியது. 1990களில் ஃபூஜியானிலிருந்தோ குவாங்டோங்கிலிருந்தோ கிளம்பி வந்தவருக்கு இரண்டும் கிடைக்கவில்லை. அதே வயதுத் தைவான்காரருக்கோ 1995 முதலே இலவச பாப் ஸ்மியர் (கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்ப்பது) இருந்தது. ஹாங்காங்கில் 2004-ல் அரசுத் திட்டம் வந்தது. ஆக, 'சீனப் பெண்' என்று ஒரே கூட்டமாக நினைத்துப் பேசப் போனால் பாதிப் பேருக்குப் பொருந்தாது. எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம் வந்தார் என்று கேட்டாலே நிறையப் புரியும்.

அப்புறம் அந்த ஊர்ப் பழக்கம். நகரத்தில் அரசு நிறுவனத்திலோ தொழிற்சாலையிலோ வேலை பார்த்தவர்களை வேலை செய்த இடமே வருஷாவருஷம் மொத்தமாக உடல் பரிசோதனைக்குக் கூட்டிப்போகும். ரத்தம், ஸ்கேன், பெண்களுக்கான பரிசோதனை எல்லாம் ஒரே நாளில் முடியும், தானாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. இங்கே வந்த பிறகு யாரும் கூப்பிடுவதில்லை. தேசியப் பரிசோதனைப் பதிவேடான ரெஜிஸ்டரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வரும், அது பில்லோடு பில்லாக மேஜையில் கிடக்கும். 'வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை, பிறகு எதற்கு', 'எனக்கு மாதவிடாயே நின்றுவிட்டது', 'என் கணவரைத் தவிர வேறு யாரும் இல்லையே' என்று சொல்வார்கள். பிரசவத்துக்குப் பிறகு ஒரு மாதம் குளிர்ச்சி படாமல் வீட்டிலேயே ஒழுங்காக இருந்துவிட்டால் பிற்காலத்தில் கர்ப்பப்பை நோய்கள் அண்டாது என்ற நம்பிக்கையும் மூத்த பெண்களிடம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைக்கிற நமக்கு இது விசித்திரமாகத் தெரிய நியாயமில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: கனடாவின் ஒன்டாரியோவில் குடியேறிய பெண்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் மிகவும் பின்தங்கியிருந்தவர்கள் தென்னாசியப் பெண்கள். சீன அக்காவுக்காக விசாரிக்கிறவர்கள், தங்களுடைய கடைசித் தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

பரிசோதனை எவ்வளவு நம்பகமானது என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். இன்றைய நிலையில் அது பெரிய வித்தியாசம் இல்லாத விஷயம், கீழே சொல்கிறேன். நான் அதிகம் பார்ப்பது இவற்றை:

- வெட்கமும் வலியும்: யார் தொடுகிறார்கள், எங்கே, எவ்வளவு நேரம்.
- மொழி: நடுவில் நின்று பேசுவது யார்.
- பணமும் நேரமும்: டாக்டர் கட்டணம் மட்டுமல்ல, இழக்கிற கூலி, பஸ், காத்திருப்பு எல்லாம்.
- பாசிட்டிவ் வந்தால் அடுத்த படி எத்தனை தூரத்தில் இருக்கிறது.
- ஐந்து வருஷம் கழித்து மறுபடி யார் கூப்பிடுவார்கள்.

நான்கு வழிகள் இருக்கின்றன. டாக்டரோ நர்ஸோ மாதிரி எடுப்பது, கிளினிக்கில் தானே எடுப்பது, வீட்டுக்குக் கிட் வரவழைத்து எடுப்பது, சீனாவுக்குப் போகும்போது அங்கே செய்வது.

## வழி 1: டாக்டர் அல்லது நர்ஸ் எடுப்பது

பழைய பாப் ஸ்மியர் போலத்தான் இருக்கும். ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பிடிக்கும் கருவி) வைத்து, கருப்பை வாயைப் பார்த்து, சின்ன பிரஷ்ஷால் மாதிரி எடுப்பார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் 2017 டிசம்பர் 1 முதல் லேபில் முதலில் தேடுவது எச்.பி.வி. வைரஸை. 25 முதல் 74 வயது வரை, வைரஸ் இல்லையென்றால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போதும். ஒன்டாரியோ 2025 மார்ச்சில் இந்த முறைக்கு மாறியது.

இந்த வழியின் பெரிய லாபத்தை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. டாக்டர் எடுத்த மாதிரியில் வைரஸ் இருந்தால், அதே மாதிரியிலேயே செல்களையும் லேப் பார்த்துவிடும். இன்னொரு முறை வரச் சொல்ல வேண்டியதில்லை. கூலி வேலையில் இருப்பவர், லீவு கேட்கத் தயங்குகிறவர், இரண்டாவது தடவை கூப்பிட்டால் நிச்சயம் வர மாட்டார் என்று உங்களுக்கே தெரிந்தவர், இப்படிப்பட்டவர்களுக்கு ஒரே வருகையில் எல்லாம் முடிவது மிகப் பெரிய விஷயம்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? பெண் டாக்டர், அதுவும் தன் மொழி பேசும் பெண் டாக்டர் வேண்டும் என்று தேடுவதில். பாக்ஸ் ஹில்லில் கிடைத்துவிடும். தூரத்துப் புறநகரிலோ சின்ன ஊரிலோ இருப்பவர் ரயில் ஏறி வர வேண்டும், அப்பாயின்ட்மென்ட்டுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் பாதிப் பேர் மனம் மாறுகிறார்கள். பல்க் பில்லிங் (கட்டணம் முழுவதையும் அரசிடமே வாங்கிக்கொள்வது) இல்லாத ஜி.பி. (குடும்ப டாக்டர்) என்றால் கைக்காசும் போகும்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு வறட்சியால் வலிக்கும். ஒருமுறை வலித்தவர் அதோடு நிறுத்திக்கொள்வார். சின்ன ஸ்பெகுலம் கேட்கலாம், தானே உள்ளே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம், சிலருக்கு முன்கூட்டியே ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதித் தருவார்கள். இதெல்லாம் கேட்டால்தான் கிடைக்கும், கேட்கலாம் என்றே பலருக்குத் தெரியாது.

யாருக்கு இது கட்டாயம்: உடலுறவுக்குப் பின் ரத்தம் படுகிறது, மாதவிடாய் நின்றபின் ரத்தம் வருகிறது, காரணம் தெரியாத வெள்ளைப்படுதல் இருக்கிறது என்றால் தானே ஸ்வாப் எடுப்பது என்ற பேச்சே வேண்டாம். டாக்டர் பார்த்தாக வேண்டும், சீக்கிரம். அது ஸ்கிரீனிங் (அறிகுறி இல்லாதவருக்குச் செய்யும் பரிசோதனை) கணக்கில் வராது, நோய் இருக்கிறதா என்று தேடும் வேலை.

## வழி 2: கிளினிக்கில் தானே எடுத்துக்கொள்வது

ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல் தகுதியுள்ள யாரும் இதைக் கேட்டு வாங்கலாம். அதற்கு முன்னால் பரிசோதனை செய்யாமல் விட்டவர்களுக்கு மட்டும்தான் கிடைத்தது. அமெரிக்காவிலும் 2024 மே மாதம் கிளினிக்கில் தானே எடுக்கும் முறைக்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் பயம் பெரும்பாலும் தெரியாமைதான். சிவப்பு மூடி போட்ட மெல்லிய குழாய், உள்ளே நீளமான ஒரு ஸ்வாப், நுனி காது குடையும் பஞ்சைவிட மென்மையாக இருக்கும். திரைச்சீலைக்குப் பின்னாலோ கழிவறையிலோ போய், உள்ளாடையை இறக்கி, ஸ்வாப்பைச் சில சென்டிமீட்டர் உள்ளே விட்டு, அரை நிமிஷம் போல மெதுவாகச் சுழற்றி, வெளியே எடுத்துக் குழாயில் போட்டு மூடி இறுக்க வேண்டும். கருப்பை வாய் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை, யோனிச் சுவரில் பட்டாலே போதும். யாரும் பார்க்கப்போவதில்லை. 'சரியாக எடுத்தேனா' என்ற கேள்விதான் எல்லாரிடமும் வருகிறது. வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். முறையில் சோதிக்கும்போது, தானே எடுத்த மாதிரிக்கும் டாக்டர் எடுத்த மாதிரிக்கும் துல்லியத்தில் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. மாதிரி போதாமல் போவது எப்போதாவது நடக்கும், நடந்தால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

இங்கே ஆண் டாக்டர் என்பது தடையே இல்லை. அது எவ்வளவு பெரிய கதவைத் திறக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பல சீனப் பெண்களுக்கு வருஷக்கணக்காகப் பழகிய, தங்கள் மொழி பேசுகிற குடும்ப டாக்டர் இருக்கிறார், அவர் ஆண், அதனால் இந்த ஒன்றை மட்டும் அவரிடம் பேசுவதில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க வந்த அன்றே, அதே டாக்டர் தருகிற ஸ்வாப்பை வாங்கி ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போகலாம்.

மறைந்திருக்கும் விலை என்னவென்றால், இந்த ஸ்வாப்பில் வைரஸைத்தான் பார்க்க முடியும், செல்களைப் பார்க்க முடியாது. 16 அல்லது 18 வகை இருந்தால் நேராகக் கால்போஸ்கோபிக்கு, அதாவது கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்புவார்கள். வேறு வகை இருந்தால் டாக்டரிடம் மறுபடி வந்து ஸ்பெகுலம் வைத்து மாதிரி கொடுக்க வேண்டும். எதைத் தவிர்க்க இந்த வழிக்கு வந்தாரோ அதற்கே கூப்பிடுகிறார்கள், அதுவும் 'வைரஸ் இருக்கிறது' என்ற பயத்தோடு. இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், லேபில் வைரஸ் தெரிந்தும் ஆள் கைக்குக் கிடைக்காமல் போவார், எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, கணவர் துரோகம் செய்தார் என்றும் அர்த்தமில்லை. எப்போதோ வந்த தொற்று வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து இப்போது தெரியலாம். இதையும் முன்பே, அவருடைய மொழியில் சொல்ல ஆள் வேண்டும்.

## வழி 3: வீட்டுக்கு வரும் கிட்

கனடாவில் இதற்கு முன்னோடி பிரிட்டிஷ் கொலம்பியா. பாப் ஸ்மியரையே அரசுத் திட்டமாக 1949-ல் தொடங்கிய மாநிலம் அது. 2024 ஜனவரி கடைசியில், 25 முதல் 69 வயது வரையுள்ளவர்கள் போனிலோ இணையத்திலோ கேட்டால் கிட்டை வீட்டுக்கே அனுப்பும் திட்டத்தை மாநிலம் முழுவதும் கொண்டுவந்தது. எடுத்துத் தபாலில் போட்டுவிட வேண்டியதுதான். குடும்ப டாக்டர் இல்லாதவருக்கும் கிடைக்கும், பாசிட்டிவ் வந்தால் ஒரு கிளினிக்கோடு அவர்களே இணைத்துவிடுகிறார்கள். ரிச்மண்ட் மாதிரி, மக்கள்தொகையில் பாதிக்கு மேல் சீன வம்சாவளியினர் இருக்கும் நகரம் உள்ள மாநிலத்தில் இது பெரிய வாய்ப்பு. அமெரிக்காவிலும் வீட்டில் எடுக்கும் கருவி ஒன்றுக்கு 2025 மே மாதம் அனுமதி கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் நேராக வீட்டுக்கு வராது, ஆனால் டாக்டரோ நர்ஸோ ஒப்புக்கொண்டால் ஸ்வாப்பை வாங்கிப் போய் வீட்டில் எடுத்துவரலாம்.

கடையில் நாள் முழுக்க நிற்கிறவர், கைக்குழந்தை உள்ளவர், கிளினிக் வாசலையே மிதிக்க விரும்பாதவர், இவர்களுக்கு இதைவிட எளிது எதுவும் இல்லை.

ஆனால் வீட்டுக்கு வந்த கிட் அலமாரியில் தூங்கும் ஆபத்து உண்டு. கிளினிக்கில் 'இப்போதே செய்துவிடலாமா' என்று கேட்கிற ஒரு முகம் இருக்கிறது, வீட்டில் இல்லை. மாமியார், மாமனார், பிள்ளைகள் என்று கூட்டாக இருக்கும் வீட்டில் தபாலை யார் பிரிப்பார்கள் என்பதும் ஒரு கேள்வி. போனில் கேட்கும்போதே கான்டனீஸா மாண்டரினா என்று சொல்லி மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். எழுத்தில் கேட்டால், ஹாங்காங், தைவான்காரர்களுக்குப் பழைய முழு வரிவடிவம், மெயின்லேண்டிலிருந்து வந்தவர்களுக்கு எளிமையாக்கிய வடிவம். மாற்றிக் கொடுத்தால் படித்துவிடுவார்கள்தான், ஆனால் தங்களுக்காக எழுதியது இல்லை என்று தோன்றிவிடும்.

## வழி 4: ஊருக்குப் போகும்போது செய்துகொள்வது

இதைச் சும்மா தள்ளிவிடக்கூடாது. பெரிய நகர மருத்துவமனைகளில் வேகம் அதிகம், மொழிப் பிரச்சினை இல்லை, அக்காவோ தங்கையோ கூட வருவார்கள், ஒரே நாளில் ஸ்கேன் வரைக்கும் முடிந்துவிடும். வருஷாவருஷம் முழுப் பரிசோதனை செய்து பழகியவருக்கு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை என்று இங்கே சொல்வது ஏனோதானோ என்று தோன்றுகிறது. அந்த நம்பிக்கையின்மைக்கு மரியாதை கொடுத்து விளக்க வேண்டும்: வைரஸே இல்லையென்றால் ஐந்து வருஷத்துக்குள் புற்று வருகிற வாய்ப்பு மிக மிகக் குறைவு, அதனால்தான் இடைவெளி நீண்டது. பணத்தை மிச்சம் பிடிக்க அல்ல.

செலவுக் கணக்கு வேறு இடத்தில் வரும். மூன்று வார விடுமுறையில் இரண்டாவது வாரம் பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வது? கால்போஸ்கோபி, பயாப்ஸி (சிறு சதை எடுத்துச் சோதிப்பது), அதன் ரிசல்ட், தேவைப்பட்டால் சிகிச்சை. டிக்கெட்டை மாற்றுவதா, பாதியில் விட்டு வருவதா? திரும்பி வந்தால் கையில் சீன மொழி ரிப்போர்ட் இருக்கும், அதை மொழிபெயர்க்கக் காசு ஆகும், ஜி.பி. பெரும்பாலும் மறுபடி இங்கே எடுக்கச் சொல்வார். ஆபத்துக் குறைந்த வகைகளையும் சேர்த்து நீளமாகப் பட்டியல் போடும் எச்.பி.வி. பரிசோதனைகள் அங்கே சாதாரணம். புற்றோடு சம்பந்தமே இல்லாத ஒரு வகைக்காகத் தூக்கம் கெடும். கருப்பை வாயில் இயல்பாகவே சிலருக்குத் தெரியும் சிவப்பைப் புண் என்று சொல்லிச் சுட்டுச் சிகிச்சை செய்த காலம் அங்கே நெடுநாள் இருந்தது. பாடப் புத்தகங்கள் மாறிவிட்டன, ஆனால் அந்தப் பயம் இன்னும் பலர் மனதில் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட, அந்த ரிசல்ட் இங்குள்ள தேசிய ரெஜிஸ்டருக்குத் தானாக வந்து சேராது. அங்கே செய்தேன், இங்கே தேவையில்லை என்று ஒருவர் சொன்னால், என்ன பரிசோதனை, எந்த வருஷம் என்று கேட்டுப் பாருங்கள். வயிற்று ஸ்கேன் எடுத்ததையே இந்தப் பரிசோதனை என்று நினைத்திருப்பவர்களும் உண்டு.

இது யாருக்குச் சரி? விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அம்மாக்களுக்கு. அவர்களுக்கு மெடிகேர் (ஆஸ்திரேலிய அரசு மருத்துவக் காப்பீடு) கிடையாது, சீனாவோடு ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தமும் இல்லை. டாக்டர், லேப் எல்லாம் கைக்காசு, பாசிட்டிவ் வந்தால் கால்போஸ்கோபிச் செலவு இன்னும் பெரிது. அறிகுறி எதுவும் இல்லாமல், சில மாதத்தில் ஊருக்குத் திரும்பப் போகிறவர் என்றால், சிகிச்சையும் தொடர்ச்சியும் அங்கேதான் என்பதால் அங்கேயே செய்வது நல்லது. ரத்தப்போக்கு இருந்தால் காத்திருக்க வேண்டாம். 143 என்ற பெற்றோர் விசா மாதிரி நிரந்தர விசா கிடைத்து மெடிகேர் வந்துவிட்டதென்றால் கணக்கு மாறிவிடும், இங்கேயே செய்யட்டும்.

## ஒரே பார்வையில்

| | டாக்டர் எடுப்பது | கிளினிக்கில் தானே | வீட்டுக் கிட் | சீனாவில் |
|---|---|---|---|---|
| வெட்கம், வலி | அதிகம் | மிகக் குறைவு | இல்லை என்றே சொல்லலாம் | அதிகம், ஆனால் பழகிய சூழல் |
| மொழி | மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் | தேவைப்படும், சிறிது நேரம் | வழிகாட்டித் தாளைப் பொறுத்தது | பிரச்சினை இல்லை |
| வைரஸ் இருந்தால் | அதே மாதிரியில் செல்களும் பார்க்கலாம் | வகையைப் பொறுத்து மறுபடி வர வேண்டும் | அதேதான், ஆளைத் தேடிப் பிடிப்பது கடினம் | விடுமுறைக்குள் முடியாமல் போகலாம் |
| மறைந்த செலவு | பெண் டாக்டருக்கான பயணம், காத்திருப்பு | இரண்டாம் வருகை | எடுக்காமலே விட்டுவிடுவது | மொழிபெயர்ப்பு, மறுபரிசோதனை |
| அடுத்த அழைப்பு | ரெஜிஸ்டர் அனுப்பும் | ரெஜிஸ்டர் அனுப்பும் | பிரிட்டிஷ் கொலம்பியாவில் திட்டம் அனுப்பும் | யாரும் கூப்பிட மாட்டார்கள் |
| யாருக்கு | அறிகுறி உள்ளவர், இரண்டாம் முறை வர இயலாதவர் | இதுவரை செய்யாதவர் | கிளினிக்குக்கே வராதவர் | மெடிகேர் இல்லாமல் விரைவில் திரும்புகிறவர் |

## குழு நடத்துகிறவர்களுக்கு: பணத்தை எதில் போடுவது

வான்கூவர் தோழிக்கு என் பதில் இது. கடிதமா, ஆளா என்ற கேள்விக்குச் சீனப் பெண்களை வைத்தே ஒரு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. சியாட்டிலிலும் வான்கூவரிலும், பரிசோதனை செய்யாத அல்லது விட்டுவிட்ட சீனப் பெண்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அவர்கள் மொழி பேசும் பெண் பணியாளர் வீட்டுக்கே போய் வீடியோ, கையேடு கொடுத்து, பேசி, போக்குவரத்துக்கும் அப்பாயின்ட்மென்ட்டுக்கும் உதவினார். இன்னொரு பிரிவுக்கு அதே வீடியோவும் கையேடும் தபாலில். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமானது மட்டும். 2002-ல் வெளிவந்த முடிவில், முதல் பிரிவில் 39 விழுக்காட்டினர் பரிசோதனை செய்திருந்தார்கள், தபால் பிரிவில் 25, சும்மா விட்ட பிரிவில் 15.

இந்த எண்களை நான் இரண்டு விதமாகப் படிக்கிறேன். அவர்கள் மொழியில் அனுப்பிய தபாலுக்கே பலன் இருக்கிறது, பணம் குறைவாக இருந்தால் அதையாவது செய்யுங்கள். ஆனால் வீட்டுக்கே ஆள் போய் இவ்வளவு உதவியும் பத்தில் ஆறு பேர் போகவில்லை. அப்போது போக வேண்டிய இடம் ஸ்பெகுலம் வைக்கிற அறை மட்டும்தான். இன்று அதே பணியாளர் கையில் ஒரு ஸ்வாப் இருந்தால் மீதிப் பேரில் கணிசமானவர்கள் வந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

ஆக, ஆளுக்கும் கிட்டுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். பளபளப்பான நோட்டீஸ், ஹாலில் பெரிய கூட்டம், மேடையில் டாக்டர் பேச்சு, இதையெல்லாம் குறைத்துவிடுங்கள். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள், இந்த விஷயத்தில் யாரும் கை தூக்கிக் கேள்வி கேட்க மாட்டார்கள். அதற்குப் பதில் கான்டனீஸும் மாண்டரினும் பேசும் ஐம்பது வயதுப் பெண் ஒருவருக்கு மணிக்கணக்குச் சம்பளம் கொடுங்கள். பெண்கள் இருக்கிற வீசாட் (சீனர்களின் வாட்ஸ்அப் மாதிரி) குழுக்களுக்குள் அவர் போகட்டும், கிட் எப்படிக் கேட்பது என்று போனில் கூட இருந்து சொல்லட்டும், பாசிட்டிவ் வந்தவரோடு கிளினிக் வரைக்கும் போகட்டும். பணம் தீர்ந்துபோகும் நிலை வந்தால் கடைசியாகச் சொன்ன வேலையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

## மொழிபெயர்ப்பு பற்றி ஒன்று

கணவரையோ மகளையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். டாக்டர் 'உடலுறவுக்குப் பின் ரத்தம் வருகிறதா' என்று கேட்பார், கணவர் திரும்பி மனைவியிடம் ஒரு வார்த்தை பேசாமலே 'இல்லை' என்பார். நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கணவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவருக்கும் கூச்சம்தான். ஆனால் அந்த ஒரு பதில் தப்பாகப் போனால் அதற்குப் பிறகு நடக்கும் எல்லாமே தப்பாகப் போகும்.

ஆஸ்திரேலியாவில் மெடிகேர் உள்ளவருக்காக டாக்டர் அழைத்தால் அரசு மொழிபெயர்ப்புச் சேவை இலவசம், எண் 131 450. பெரும்பாலும் போனில் பேசுவார்கள், பெண் வேண்டும் என்று கேட்கலாம். தமிழ் உட்பட எத்தனையோ மொழிகளில் இருக்கிறார்கள்.

## அப்பாயின்ட்மென்ட் போடும்போது

நீங்களே உங்கள் தோழிக்காகப் போன் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இவற்றைக் கேளுங்கள்:

- தானே மாதிரி எடுக்கும் ஸ்வாப் உங்களிடம் உண்டா? சில கிளினிக்கில் இன்னும் பேசுவதே இல்லை.
- இது பல்க் பில்லிங்கா?
- மாண்டரின் அல்லது கான்டனீஸ் மொழிபெயர்ப்பாளரை அந்த நேரத்துக்கே ஏற்பாடு செய்வீர்களா?
- ரிசல்ட்டை யார் சொல்வார்கள், என்ன மொழியில்?
- மறுபடி வரவேண்டியிருந்தால் பெண் டாக்டரோ நர்ஸோ எந்த நாட்களில் இருப்பார்கள்?

கடைசிக் கேள்விக்கான பதிலை வாங்கிக் குறித்துக்கொண்டு, அந்தக் கிழமையைத் தோழியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒருவேளை கூப்பிட்டால் வியாழக்கிழமை போகலாம், நானும் வருகிறேன் என்று. நெகட்டிவ் வந்தால் அந்த வியாழன் தேவைப்படாது, அவ்வளவுதான்.